மூடியைத் திறந்தவர்

கிட்டே வந்து உட்காருங்கள் என் கண்ணுகளே, இந்த மின்விசிறிச் சத்தத்தில் என் குரல் எடுபடாது. இன்றைக்கு ஒரு போலியைப் பிடித்த கதை சொல்கிறேன். கொஞ்சம் நாற்றமடிக்கிற கதைதான். மூக்கைப் பிடித்துக்கொண்டாவது கேளுங்கள்.

ஒரு தையல்காரர், அவர் மனைவி, சுண்டு என்று ஒரு வாயாடிப் பெண். சுண்டுவுக்கு ஓயாமல் வயிற்றுப்போக்கு. மருந்து கொடுத்தால் நிற்கும், நிறுத்தினால் மறுபடியும் வரும். பிள்ளை குச்சியாய் இளைத்துவிட்டாள்.

"கிணத்துக்குப் பக்கத்துல செப்டிக் டேங்க் இருக்கா? முதல்ல அது ஒழுகுதான்னு பாருங்க" என்றார் டாக்டர்.

அதை யார் வேண்டுமானாலும் பார்த்துவிட முடியாது. உரிமம் வாங்கிய ஆய்வாளர் வந்து பார்த்துச் சான்றிதழ் தரவேண்டும் என்பது சட்டம். அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

முதலில் வந்தவர் காரில் வந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கழுத்தில் அட்டை. நேராகக் கூடத்துக்குப் போய் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார்.

"டேங்க் பின்னாடிதானே?"

"ஆமாங்க சார். வாங்க, காட்டுறேன்."

"எதுக்கு? நாத்தம் ஏதாவது வருதா?"

"நாத்தம் இல்லீங்க. ஆனா பொண்ணுக்கு..."

"நாத்தம் இல்லன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம்."

கையெழுத்து விழுந்தது, முத்திரை விழுந்தது. டீயில் ஆடை படிவதற்குள் கார் கிளம்பிவிட்டது.

"ஏங்க, அந்த ஆளு குனிஞ்சுகூடப் பார்க்கலியே?"

"படிச்சவருக்குப் பார்த்த பார்வையிலேயே தெரிஞ்சிடும்டி."

"எதைப் பார்த்தாரு? நம்ம ஃபேனைத்தான் பார்த்தாரு. நீங்க ஆளைத் தொடாமலே அளவெடுத்துச் சட்டை தைப்பீங்களா?"

தையல்காரருக்கு அவசரமாக ஊசியில் நூல் கோக்க வேண்டியிருந்தது.

சில நாள் கழித்து இன்னொருவர் சைக்கிளில் வந்தார். கசங்கிய சட்டை, பின்னால் ஒரு சாக்குப்பை. "மறு ஆய்வும்மா" என்று அட்டையைக் காட்டினார். கட்டணத்தை வாங்கிப் பையில் மடித்து வைத்துக்கொண்டார்.

"இவருக்கு வேற தண்டம்" என்று முணுமுணுத்தார் தையல்காரர்.

ஆனால் இவர் கூடத்துக்கே வரவில்லை. கொல்லைப்புறம் போய் மண்ணைக் கம்பியால் குத்திக் குத்தி மூடியைக் கண்டுபிடித்தார். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு அதை நெம்பித் திறந்தார். தையல்காரர் வேலியோரம் ஓடிப்போய் நின்றார். வந்தவரோ நீளக் குச்சி முனையில் கண்ணாடியைக் கட்டி உள்ளே விட்டு, டார்ச் அடித்துச் சுவர் சுவராகப் பார்த்தார்.

"மாமா, உள்ளே என்ன தெரியுது?" என்று தூரத்திலிருந்து கத்தினாள் சுண்டு.

"நீ நேத்து என்ன சாப்பிட்டேன்னு தெரியுது!"

பிறகு கழிவறையில் சிவப்புச் சாயத்தைக் கரைத்து ஊற்றினார். "ரெண்டு நாள் கழிச்சு வர்றேன் தங்கச்சி. கிணத்துத் தண்ணி நிறம் மாறினா டேங்க் ஒழுகுதுன்னு அர்த்தம். அதுவரைக்கும் பிள்ளைக்கு இந்தத் தண்ணி வேண்டாம்."

மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா மூச்சிரைக்க ஓடி வந்தாள். "விஷயம் தெரியுமாடி? போலி ஆய்வாளர் ஒருத்தன் வீடு வீடாப் போய்க் காசு வாங்கிட்டு இருக்கானாம். அட்டையெல்லாம் அச்சு அசலா வெச்சிருக்கானாம். எல்லாருக்கும் ஃபோன்ல வந்திருக்கு!"

தையல்காரர் மனைவி புருஷன் பக்கம் திரும்பினாள். "நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா? வெள்ளைச் சட்டையைப் பார்த்ததும் கைகட்டி நின்னீங்களே! வெளுத்ததெல்லாம் பால் உங்களுக்கு."

உடனே அலுவலகத்துக்கு ஃபோன் போட்டாள். முதலில் வந்தவர் என்ன செய்தார், அடுத்து வந்தவர் என்ன செய்தார் என்று ஒன்று விடாமல் சொன்னாள். அந்தப் பக்கம் பொறுமையாகக் கேட்டார்கள்.

"சரிம்மா. அந்த சைக்கிள்காரர் மறுபடி வந்ததும் டீ கொடுத்து உட்கார வெச்சுட்டு, எங்களுக்குச் சொல்லுங்க."

சாட்சிக்குத்தான் என்று நினைத்துக்கொண்டாள். குற்றம் என்றால் சாட்சி வேண்டாமா?

சொன்ன நாளில் சொன்னபடி சைக்கிள் வந்தது. அவர் கையில் டீயைக் கொடுத்து முடிப்பதற்குள் ஜீப்பும் வந்தது. போலீஸ்காரர் இறங்கி நேராக அவர் தோளில் கை வைத்தார்.

"ஐயா, ஐயா! ஆளை மாத்திப் பிடிக்கிறீங்க. போலி அந்த வெள்ளைச் சட்டைங்க!"

"அவர் எங்க தலைமை ஆய்வாளர்மா" என்றார் கூட வந்த அதிகாரி. "இவன்தான் போலி. உரிமமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. நீங்க பயப்படாதீங்க, அவர் கொடுத்த சான்றிதழ் செல்லும். சட்டப்படி உங்க டேங்க் நல்லாத்தான் இருக்கு."

அந்த நேரம் பார்த்துக் கிணற்றடியிலிருந்து சுண்டுவின் குரல் வந்தது.

"அம்மா! தண்ணி ரோஸ் கலர்ல வருது!"

எல்லோரும் வாளியைப் பார்த்தார்கள். அதிகாரி மட்டும் வானத்தைப் பார்த்தார். தையல்காரர் போய்க் கிணற்றுக் கயிற்றை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"இவர் அட்டை அச்சு அசலா இருக்குன்னு ஊரே சொல்லுது. அப்புறம் எதை வெச்சு இவரைப் போலின்னு கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள் மனைவி.

"அதான் எனக்கும் புரியல சார்" என்றான் பிடிபட்டவன். "உங்க விதிப் புத்தகத்தை வாங்கி, மனப்பாடம் பண்ணி, அதுல இருக்கிறபடியேதானே எல்லாம் செஞ்சேன்?"

"அதனாலதான்டா மாட்டிக்கிட்டே. எங்க ஆளுங்க எவனாவது இதுவரைக்கும் மூடியைத் திறந்து பார்த்திருக்கானா?"

நல்லது, போய் வாருங்கள் என் செல்லங்களே. உங்கள் வீட்டுக் கிணறு தெளிந்தே இருக்கட்டும், பிள்ளைகள் வயிறு நோகாமல் வளரட்டும். உங்கள் வாசலுக்கு வருகிறவர் அசலோ போலியோ, மூடியைத் திறந்து பார்க்கிறவராக இருக்கட்டும்.