இரண்டாவது போல்ட்

கோயில் வாசலில் நிறுத்தியிருந்த தன் வானுக்கு அடியில் கிடந்தவனின் இரண்டு காலையும் பிடித்து வெளியே இழுத்தான் கொலின்ஸ். வந்தது பாதர் ஜெராட்.

வெள்ளை அங்கி முழுக்கக் கிறீஸ். கையில் ஸ்பனர். பிடியில் சிவப்பு ரேப் சுற்றிய, கொலின்ஸ் வீட்டு ஸ்பனர்.

"என்ன செய்யிறியள்?"

"போல்ட் பூட்டிறன்."

"என்ரை ஸ்பனராலையோ? பூட்டிறியளோ, கழட்டிறியளோ?"

பூசைக்கு வந்த சனம் கோயில் வாசலை விட்டு வானைச் சுற்றிக்கொண்டது. பூசை முடிந்ததும் மறைக்கல்விப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை அந்த வானில்தான் மடு மாதா கோயிலுக்கு ஏற்றிப்போகவேண்டும்.

கொலின்ஸ் குனிந்து முன்சில்லுக்குப் பின்னால் கையை விட்டான். பிரேக் கலிப்பரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டில் மேலது இறுகியிருந்தது. கீழது விரலுக்கே சுழன்றது. இரவு முசலி ஊர்வரை ஓடிப்போய், இந்தச் சில்லோடுதான் விடிய வந்திருக்கிறான்.

"என்னைக் கொல்லப் பாத்தியளோ? போன ஞாயிறு வீட்டை வந்து பொஞ்சாதிக்கு அடிக்காதை எண்டு ஏசினனீங்கள். நான் கேக்கேல்லை எண்டு இதோ?"

"நான் கழட்டேல்லை, கொலின்ஸ்."

"அப்ப ஆர்?"

"சொல்ல ஏலாது."

"தெரியாதோ, சொல்ல ஏலாதோ?"

"சொல்ல ஏலாது. விடு, மற்றதையும் இறுக்குவம். பிள்ளையள் ஏறப்போகுதுகள்."

"பாதர், இனிப் பூசையை வான் திருத்திற கராச்சிலை வையுங்கோ" என்றது கூட்டத்தில் ஒரு குரல். சிலர் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு கொலின்ஸை இன்னும் கிளப்பியது. திரும்பினான். மனைவி நிறஞ்சலா நின்றாள். நேற்று மத்தியானம் அவன் அறைந்த கன்னம் இன்னும் வீங்கியிருந்தது. அடித்தால் மூன்று நாள் வாய் திறக்காதவள், நேற்றிரவு ஏழு தரம் போன் எடுத்திருந்தாள். அவன்தான் பதில் சொல்லவில்லை.

"என்னடி பாத்துக்கொண்டு நிக்கிறாய்? பொலிசுக்குப் போன் அடி!"

அவள் பாதரின் கையிலிருந்த ஸ்பனரையே பார்த்தாள்.

"காது செவிடோ?"

பாதர் ஸ்பனரோடு மறுபடி குனியப் பார்த்தார். கொலின்ஸ் அங்கியின் கழுத்தை எட்டிப் பிடித்தான்.

"சொல்லமாட்டியள் எண்டால் நீங்கள்தான் செய்தது!"

மற்றக் கையை ஓங்கினான். பாதர் கண்ணை மூடிக்கொண்டார். வாயை அதைவிட இறுக்கமாக.

ஓங்கிய கையை யாரோ பின்னாலிருந்து பிடித்தார்கள். நிறஞ்சலா.

"அவரை விடுங்கோ. நேற்றுப் பாவசங்கீர்த்தனத்திலை உந்த ஸ்பனரைக் குடுத்துச் சொன்னது நான்."