கை பார்க்கும் பெட்டி

திருச்சி பெர்மிட் ஆபீஸில் இப்போது சர்டிபிகேட் எதுவும் கேட்பதில்லை. அங்குள்ள பெட்டிக்குள் இரண்டு கையையும் விட்டால், அந்தக் கை என்ன வேலை செய்து பழகியது என்று அதுவே சொல்லிவிடும். வெளிநாட்டு வேலைக்கு வீட்டுக்கு ஒரு பெர்மிட்தான், அதுவும் கை தேர்ந்தவருக்கு. மற்றவர் துணையாகப் போகலாம்.

சன்னாசி மேஸ்திரி சலவைச் சட்டையில் வந்திருந்தார். "நீ பேருக்குக் கையை விடு புள்ள. அங்க வந்து எனக்குச் சோறாக்கிப் போட்டா போதும்" என்றார் மனைவியிடம்.

அங்கே போயும் அடுப்படிதானா என்று அமிர்தவல்லிக்கு உள்ளே குமைந்தது. சித்தாளாகக் கலவை சுமந்து அவளுக்குப் பதினாறு வருஷம். மேஸ்திரி டீக்கடைக்குப் போனால் லேசில் திரும்பமாட்டார். கலவை இறுகிவிடுமே என்று மிச்சப் பூச்சை அவளே பூசி, மட்டக்கோல் வைத்து இழுத்து முடித்துவிடுவாள். அவர் வந்து, "நம்ம பூச்சு எப்படி?" என்று மீசையைத் தடவுவார்.

மேஸ்திரி முதலில் கையை விட்டார்.

"உதவியாள்" என்றது பெட்டி.

"பெட்டி ரிப்பேரும்மா!" என்று ஆபீசரம்மாவிடம் எகிறினார்.

அமிர்தவல்லி வளையலை மேலே தள்ளிவிட்டுக் கையை விட்டாள்.

"கொத்தனார். முதல் தரம்."

மேஸ்திரிக்குக் குரல் இறங்கிவிட்டது. "அப்போ அங்க நான் என்ன பண்றது?"

"மத்தியானம் சோறு கொண்டாங்க. வழியில டீக்கடையில உக்காந்துடாதீங்க."

"துணையா வர்றவர் பேர் சொல்லும்மா" என்றார் ஆபீசரம்மா.

புருஷன் பேரை அவள் வாயால் சொன்னதே கிடையாது. பேனாவை வாங்கினாள். போன வருஷம்தான் எழுதப் படித்தவள். 'துணை' என்ற கட்டத்துக்குள் ஒவ்வொரு எழுத்தாக, மட்டம் பார்த்துப் பார்த்து, அவர் பேரை எழுதினாள்.