எட்டாவது ஆள்

"கெட் அவே" என்று பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினார் உஸ்தாத் மக்லூஃப்.

"தப்பிச்சுப் போறது, விலகிப் போறது. நம்ம ஊர்ல எல்லாருக்கும் பிடிச்ச சொல். ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்லுங்க."

பிஸெர்த்தே துறைமுகத்தை ஒட்டிய கலாசார மையம். சனிக்கிழமை ஆங்கில வகுப்பு. மொத்தம் எட்டுப் பேர்.

டாக்ஸிக்கார ஹம்தி முதலில் எழுந்தான். "போலீஸ் வந்தது, திருடன் கெட் அவே."

"நடந்து முடிஞ்ச கதைக்கு 'காட் அவே'ன்னு வரணும். உன் திருடன் இன்னும் ஓடிக்கிட்டே இருக்கான், பாவம்."

ரொட்டிக்கடை ஸல்வா சொன்னாள்: "மாமியார்கிட்டேர்ந்து ஐ காண்ட் கெட் அவே."

"இலக்கணம் சரி. மத்தது உன் தலையெழுத்து."

அடுத்தது மப்ரூகா. ஐம்பத்திரண்டு வயது. இதே வகுப்பில் மூன்றாவது தவணை.

"ஐ கெட் அவே த சூப் ஃப்ரம் கிச்சன்."

வகுப்பே சிரித்தது. உஸ்தாத் சிரிக்கவில்லை.

"சூப் எங்கே தப்பிச்சுப் போகுது மதாம்? அதுக்கும் விசா கிடைச்சிருச்சா?"

மப்ரூகா தலையைக் குனிந்துகொண்டாள். அந்த வாக்கியத்தை அவ்வளவு தப்பாக அமைக்க முந்தின நாள் முழுக்க யோசித்திருந்தாள். மால்டாவில் பதினெட்டு வருஷம் ஹோட்டல் வேலை பார்த்தவள் அவள். உஸ்தாத்தைவிடச் சரளமாக ஆங்கிலம் பேசுவாள்.

ஒரு சான்றிதழ் வாங்கிக்கொண்டு மால்டாவுக்கே திரும்பிப் போகத்தான் முதலில் சேர்ந்தாள். அந்தத் தவணையில்தான் உஸ்தாத்தின் மனைவி லத்தீஃபா இறந்துபோனாள். மப்ரூகாவுக்கு அதே மாடியில் எதிர்வீடு. அதன்பிறகு அந்த வீட்டு ஜன்னல் திறப்பது சனிக்கிழமை மட்டும்தான். மனிதர் சவரம் செய்துகொள்வதும் அன்றைக்கு மட்டும்தான்.

எட்டுப் பேருக்குக் குறைந்தால் வகுப்பை மூடிவிடுவார்கள் என்பது மையத்தின் சட்டம். பாஸானவர் அதே வகுப்பில் உட்கார முடியாது. எட்டாவது ஆள் மப்ரூகா. ஆகவே பரீட்சை வரும்போதெல்லாம் தவறாமல் ஃபெயில் ஆனாள்.

போன புதன்கிழமைகூடப் பழைய ஹோட்டல் மேனேஜர் மால்டாவிலிருந்து கூப்பிட்டார். மேற்பார்வையாளர் வேலை, நல்ல சம்பளம், ஒரு சான்றிதழ் மட்டும் காட்டினால் போதும். வீட்டு மாடிப்படியில் நின்றே ஆங்கிலத்தில் பதில் சொன்னாள், தான் கிளம்பினால் ஒரு வகுப்பு மூடிப்போகும், இப்போதைக்கு வர முடியாது என்று.

"மூணு தவணையா அதே பெஞ்ச்" என்றார் உஸ்தாத். "பெஞ்சுக்கே இங்கிலீஷ் வந்திருக்கும். உங்களுக்கு வரல."

"இன்னும் ஒரு தவணை முயற்சி பண்றேன் உஸ்தாத்."

"நீங்க பண்ணுவீங்க. எனக்குப் பொறுமை வேணுமே. பையை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க. அடுத்த வாரம் வர வேண்டாம்."

வகுப்பில் சிரிப்பு நின்றுபோனது.

"வயசுல பெரியவங்க உஸ்தாத்" என்றான் ஹம்தி.

"அதனாலதான் 'கிளம்புங்க'ன்னு மரியாதையாச் சொல்றேன். நீயா இருந்தா வேற மாதிரி சொல்லியிருப்பேன்."

வருகைப் பதிவேட்டைத் திறந்து, எல்லாரும் பார்க்க மப்ரூகாவின் பெயரை அடித்தார்.

அவளுக்கு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. தப்பே இல்லாத ஆங்கிலத்தில் நாலு கேள்வி கேட்டால் இந்த மனிதர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்? பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

இந்த ஆளுக்காகவா நல்ல வேலையை வேண்டாம் என்றோம்? லத்தீஃபா எப்படித்தான் முப்பது வருஷம் குடும்பம் நடத்தினாளோ?

வாசல் அலுவலகத்தில் இருந்த சிஹாம் கூப்பிட்டாள். "அக்கா, ஒரு நிமிஷம். உங்களுக்கு ஒரு கவர் இருக்கு."

"என்னது, விரட்டிவிட்டதுக்கு ரசீதா?"

பிரித்தாள். முதல் தரத்தில் தேர்ச்சி என்று சான்றிதழ். பின்னாலேயே ஹோட்டல் மேனேஜருக்கு ஒரு சிபாரிசுக் கடிதம். இரண்டிலும் மக்லூஃபின் கையெழுத்து. தேதி வியாழக்கிழமை.

மப்ரூகாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "அவர்தானே இப்ப என்னை மக்குன்னு விரட்டினார்?"

"புதன்கிழமை நீங்க படியில நின்னு போன் பேசினீங்களாமே. அவர் கதவுக்குப் பின்னாடிதான் இருந்திருக்கார். நீங்க பேசின இங்கிலீஷ்ல ஒரு தப்புகூட இல்லையாம். யாருக்காக வேலையை வேண்டாம்னீங்கன்னும் அவருக்குப் புரிஞ்சுபோச்சு."

"அதை என்கிட்ட நேராச் சொல்றதுக்கென்ன?"

"நல்லவிதமாச் சொன்னா நீங்க போக மாட்டீங்களாம். கோபம் வந்தாத்தான் கப்பல் ஏறுவீங்களாம்."

மப்ரூகா வகுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். உள்ளே உஸ்தாத் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

"நான் போயிட்டா ஏழு பேர்தானே இருப்பாங்க சிஹாம்? வகுப்பை மூடிருவாங்களே. அது அவருக்குத் தெரியாதா?"

"நானும் அதைத்தான் கேட்டேன் அக்கா. 'எனக்கு எட்டு வரைக்கும் எண்ணத் தெரியும்மா'ன்னு சொல்லிட்டு, வகுப்பை மூடுற தாள்லயும் அவரே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டார்."