கண்ணில் பட்ட நாலு வரி

வகுப்பே மைதானத்துக்கு ஓடிவிட்டது. ஒட்டகம் என்று எல்லோரும் கூப்பிடும் நெட்டைப் பெண் மட்டும் ஆங்கில மிஸ்ஸின் மேசை முன்னால் நிற்கிறாள். அவள் வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு வந்த மழைக் கதை மேசைமேல் கிடக்கிறது. தலைப்புக்குப் பக்கத்தில் சிவப்பில் ஒரு பெரிய கேள்விக்குறி. “உங்க அக்காதானே எழுதிக் குடுத்தா?” “அவளுக்கு லீவு லெட்டர் எழுதித் தர்றதே நான்தான் மிஸ்.” “வாய் மட்டும் நல்லா வருது. உக்காரு. கண்ணுல படுறத இங்கிலீஷ்ல நாலு வரி எழுது. வரலேன்னா இந்தக் கதைக்கு முட்டைதான்.” ஒட்டகம் உட்காருகிறாள். சாய்ந்த வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை நீளமாக இழுத்துத் தரையில் போட்டிருக்கிறது. சாக்பீஸ் தூள் விழ மனமில்லாமல் அந்த வெயிலில் மிதக்கிறது. மின்விசிறி சுற்றுக்கு ஒருமுறை முனகுகிறது. வெளியே பந்து சுவரில் மோதும் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்கிறது. மிஸ் எதையோ தேடுகிறார். தாள்களைப் புரட்டுகிறார், இழுப்பறையைத் திறக்கிறார், கைப்பையைக் கவிழ்க்கிறார். ஒட்டகம் பார்க்கிறாள், எழுதுகிறாள், மறுபடி பார்க்கிறாள். தாளை நீட்டுகிறாள். மிஸ் படிக்கிறார். முதல் வரியில் வெயில், அடுத்ததில் தூள், அதற்கடுத்து விசிறி. நான்காவது வரியில் ஒரு டீச்சர் சிவப்புப் பேனாவை மேசையெங்கும் தேடுகிறார். அது அவர் கொண்டையிலேயே செருகியிருக்கிறது. மிஸ்ஸின் கை மெல்லத் தலைக்குப் போகிறது. பேனா வருகிறது. மன்னிப்பெல்லாம் இல்லை. கேள்விக்குறியை மட்டும் அடித்துவிட்டு, “போ, போய் விளையாடு” என்கிறார்.