கையில் இருக்கட்டுமே

என் மனைவி மகிழினி இறந்து நாற்பது நாளாகியும் நான் அந்த இறப்பைப் பதிவு செய்யவில்லை. பதிந்த நொடியே, அவள் பெயரில் பதிவிறக்கி வாங்கியதெல்லாம் மூடப்பட்டுவிடும். நாங்கள் சேர்ந்து ஆடிய வீடியோ கேமும்தான். அதற்குள் அவள் ஒரு வீடு கட்டி, வாசலில் எனக்காகப் பலகை மாட்டியிருந்தாள்: ‘சாப்பிட்டுட்டு வந்து விளையாடுங்க.’ தினமும் போய்ப் படித்துவிட்டு வருவேன்.

இன்று வார்டு அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் இறப்பைப் பதிய, கைரேகைக் கருவியோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

“அந்த கேமை டிஸ்க்கா வாங்கியிருந்தா?” என்று கேட்டேன்.

“அது சேலை, செருப்பு மாதிரி உங்க வீட்டுப் பொருள் சார். யாரு வந்து கேக்கப் போறா?”

கேம் வாங்கப் போன அன்று கடையில் மகிழினி டிஸ்க்கைத்தான் எடுத்தாள். “கையில இருக்கட்டுமேங்க” என்றாள். “எதுக்கு, தூசி பிடிக்கவா?” என்று நான்தான் திரும்ப வைக்கச் சொன்னேன். பதினோரு வருடத்தில் அவளிடம் நான் ஜெயித்த ஒரே வாக்குவாதம்.

அந்த அம்மாள் கருவியை என் முன்னால் நீட்டினார்.

“கொஞ்சம் உட்காருங்கம்மா” என்றேன். “சாப்பிட்டுட்டு வந்து ரேகை வைக்கிறேன்.”