பிழை திருத்தம்

"இவனைக் கொன்னாக்கூடப் பாவம் இல்ல!" புத்தகத்தை மேசைமேல் வீசினார் குரியச்சன். "முப்பத்திரெண்டாம் பக்கத்துல, ஓணத்துக்குக் கோடைப் புஞ்சை நெல்ல அறுக்கிறான். ஓணத்துக்கு வயல்ல ஆள் முங்குற தண்ணி நிக்குது. அடியில முங்கிப் போயா அறுத்தான்?"

வாசகசாலையே சிரித்தது. வாசகசாலை என்றால் மொத்தம் நாலு பேர்தான்.

"அத விடுங்க அச்சாயா. கதாநாயகி மீன்கறிக்குக் குடம்புளி போடாம சாதாப் புளியக் கரைச்சு ஊத்துறா," என்றார் லீலாமணி டீச்சர். "எங்க மாமியாரா இருந்தா சட்டியோட ஆத்துல எறிஞ்சிருப்பா."

"எழுதினவன் ஹவுஸ்போட்டுல ரெண்டு நாள் தங்கிட்டுப் போன பார்ட்டி," என்றான் பயணிகள் படகு ஓட்டும் தம்பான். "வாத்து முட்டையும் கள்ளும் மட்டும் சரியா எழுதியிருக்கான் பாருங்க."

குட்டநாட்டைப் பற்றி எவன் நாவல் எழுதினாலும் மாதத்தின் மூன்றாம் ஞாயிறு மாலை நாலு மணிக்கு இந்த மேசைக்கு வந்தாக வேண்டும். இவர்கள் ரசிக்கப் படிக்கிறவர்கள் இல்லை, குற்றம் கண்டுபிடிக்கப் படிக்கிறவர்கள். தங்கள் தண்ணீரைப் பற்றி ஒரு சொல் தப்பாக இருந்தால் அன்றைக்கு இவர்களுக்குச் சோறு இறங்காது. அதிலும் குரியச்சன் பிடித்த பிழையைப் பதினோரு வருடங்களில் ஒருவரும் மறுத்துப் பேசி ஜெயித்ததில்லை. அந்தக் கர்வம் மனிதருக்கு உச்சந்தலை வரை உண்டு.

பால் விடாத கட்டன் சாயா ஊற்றிக்கொண்டிருந்த சுலோசனா மட்டும் பிழை தேடிப் படிப்பதில்லை. வாசகசாலையைப் பெருக்குவதும் புத்தகம் எடுத்துக் கொடுப்பதும் அவள் வேலை. இந்தக் காயல் கதைகள் எல்லாவற்றிலும் எங்கோ ஓர் இடத்தில் வயலைக் காக்கும் மண்கரை உடையும். அந்தப் பக்கத்தைத்தான் அவள் தேடிப் படிப்பாள்.

இருபத்துநாலு வருடங்களுக்கு முன்னால் கிழக்கு வயலின் கரை உடைந்தது. கரைக் காவலுக்குப் போன அவள் புருஷன் திவாகரன் திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. கதிர் அறுக்க வந்த கொல்லத்துக்காரியோடு ஓடிவிட்டான் என்று ஊர் பேசியது, போலீஸும் அப்படியே எழுதிக்கொண்டது. 'ஓடிப்போனவன் மகள்' என்று சொல்லியே பெண்ணுக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள் தட்டிப்போயின. செத்தான் என்று தெரிந்திருந்தால் ஒரு பிடி சோறு வைத்து அழுதுவிட்டு ஓய்ந்திருப்பாள். இருக்கிறானா இல்லையா, தன்னை விட்டுப் போனானா இல்லையா என்று தெரியாமலே அவளுக்குத் தலை நரைத்துவிட்டது.

அன்று யாரும் எதையும் பார்க்கவில்லை. பக்கத்து வயலுக்குச் சொந்தக்காரரான குரியச்சன் ஊரிலேயே இல்லை, சங்கனாச்சேரியில் தங்கை வீட்டில் இருந்தார். கிழக்கு வயல் வெள்ளத்தை வாங்கிக்கொண்டதில் தன் வயல் தப்பித்த சேதியே அவருக்கு மறுநாள்தான் தெரியுமாம். நல்ல மனிதர். வாசகசாலைத் தலைவரானதும் முதல் காரியமாக சுலோசனாவைக் கூப்பிட்டு இந்த வேலையைக் கொடுத்தார்.

"நூத்தி நாப்பதாம் பக்கம்..." என்று ஆரம்பித்த டீச்சர், சுலோசனாவைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"சொல்லுங்க டீச்சரே. கதைதான," என்றாள் சுலோசனா. அந்தப் பக்கத்தை அவள் ஏழு தடவை படித்திருந்தாள்.

"இல்ல, இந்தப் புத்தகத்துலயே சரியா எழுதின இடம் அது ஒண்ணுதான். கரை உடைஞ்சு வெள்ளம் இழுத்துட்டுப் போகுது. காவல்காரன் 'அம்மே, அம்மே'ன்னு கத்துறான். நான் அழுதுட்டேன்."

"உண்மைதான். சாகப் போறவன் பெத்தவளத்தான் கூப்பிடுவான்," என்றான் தம்பான்.

"அதுவும் தப்பு," என்றார் குரியச்சன்.

டீச்சர் கலகலவென்று சிரித்தார். "அச்சாயன் கண்ணுக்கு எல்லாமே தப்புதான்! இதுல என்ன தப்பக் கண்டீங்க?"

"தப்புன்னா தப்பு. அப்படிக் கூப்பிட மாட்டான்."

"சும்மா சொன்னா ஆச்சா? குடம்புளிக்கு நான் ஆதாரம் சொன்னேன்ல? உங்க ஆதாரத்தச் சொல்லுங்க."

"எல்லாத்துக்கும் ஆதாரம் கேட்டா எப்படி?"

"அப்போ இந்தத் தடவ தோத்துட்டீங்க. ஒத்துக்கங்க அச்சாயா." டீச்சர் தம்பான் பக்கம் திரும்பினார். "எழுதி வச்சுக்கடா தம்பானே. பதினோரு வருஷத்துல குரியச்சன் தோத்த நாள் இன்னிக்கு."

தம்பான் மேசையில் இரண்டு கையாலும் தாளம் போட்டான். குரியச்சனுக்குக் காது மடல்கள் சிவந்துவிட்டன. ஒரு மடக்குச் சாயாவைக் குடித்தார். புத்தகத்தை இழுத்து நூற்றி நாற்பதாம் பக்கத்தைப் பிரித்தார்.

"படிச்சுட்டு வந்து எனக்கே கத்துக் கொடுக்கிறீங்களா?" என்றார் டீச்சரைப் பார்த்து. "தண்ணியில போறவன் என்ன கத்துவான்னு உங்களுக்கு என்ன தெரியும்?"

"உங்களுக்குத் தெரியுமோ?"

சுலோசனா கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள். "வேற என்ன கத்துவான் அச்சாயா?" என்று கேட்டாள். இவ்வளவு புத்தகம் படித்தும் அவளுக்குப் பதில் கிடைக்காத கேள்வி அது.

குரியச்சன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. டீச்சரை முறைத்தபடி, அச்சடித்த அந்த 'அம்மே'யைச் சிவப்புப் பென்சிலால் அழுத்திக் கோடிட்டு அடித்தார்.

"அம்மேன்னு ஒரு தடவகூடக் கூப்பிடல டீச்சரே. 'சுலோ... சுலோ'ன்னுதான் கத்தினான்."