கேள்விக்குறி எந்த எழுத்து?

"சார், ஒரு சந்தேகம்!"

கடைசி வரிசையிலிருந்து குரல் வந்ததுமே வகுப்பு மொத்தமும் பெருமூச்சு விட்டது.

"ஆரம்பிச்சாச்சு!" என்றான் முன்வரிசைக் கேலிக்காரன்.

அந்த மாலைநேரக் கணினி வகுப்பில் அவருக்குப் பெயரே 'சந்தேக அக்கா'. பல் மருத்துவமனை ஒன்றில் நெடுங்காலம் வரவேற்பு மேசையில் இருந்தவர். மருத்துவமனையை மூடிவிட்டதால் புதுத் தொழில் கற்க வந்திருந்தார்.

"சொல்லுங்கம்மா," என்றார் பயிற்சியாளர், சலிப்பை அடக்கிக்கொண்டு.

"இங்கிலீஷ் எழுத்தைத் தட்டினா உயிரெழுத்தா, மெய்யெழுத்தான்னு சொல்லணும்னீங்களே, அந்த புரோகிராம்தான் சார். கேள்விக்குறியைத் தட்டினா அதையும் மெய்யெழுத்துங்குது."

"உங்க தொல்லை தாங்காம அது எதையோ சொல்லித் தப்பிக்கப் பாக்குதுக்கா!" என்றான் கேலிக்காரன்.

வகுப்பு குலுங்கியது. அக்காவுக்குப் பக்கத்தில் இருந்த பெண்ணும் சேர்ந்து சிரித்தாள்.

சிரித்துக்கொண்டே தன் திரையை ஓரக்கண்ணால் பார்த்தாள். அங்கும் அதே கேள்விக்குறி. அதற்கு நேரே, 'மெய்யெழுத்து'.

நல்லவேளை, நாம் கேட்கவில்லை!

நேற்றும் இப்படித்தான். சின்ன எழுத்தில் ஒழுங்காக வரும் விடை, பெரிய எழுத்தில் தப்பாக வந்தது. அக்கா கேட்டார். பயிற்சியாளர் விளக்கினார். வகுப்பு சிரித்தது. இவள் ஓசைப்படாமல் தன் தவற்றைத் திருத்திக்கொண்டாள்.

கணவன் கண்ணை மூடிய பிறகு அவளுடைய வாடகை அறையில் சத்தம் போடுவது குழாயும் மின்விசிறியும்தான். ஒரு நாளில் அவள் மனிதக் குரல் கேட்பது இந்த வகுப்பில் மட்டுமே. கடைசித் தேர்வில் தேறியவர்களை வேலைக்கான நேர்காணலுக்கு அனுப்புவார்கள். அந்த வேலையை நம்பித்தான் அவள் நாட்களை ஓட்டினாள்.

முதல் நாள் அவளும் ஒரு சந்தேகம் கேட்டாள். எழுதியதை எப்படி அழிப்பது என்று. அன்றைக்கு எழுந்த சிரிப்பு இன்னும் காதில் இருந்தது. அதன்பின் அவள் கை மடியை விட்டு உயரவே இல்லை.

மறுநாள்தான் அக்கா முன்வரிசையிலிருந்து எழுந்து இவள் பக்கத்துக்கு வந்தார்.

"அங்க கண்ணு சரியாத் தெரியலம்மா," என்றார்.

"கண்ணு தெரியலன்னா முன்னாடிதான வருவாங்க? இவங்க பின்னாடி போறாங்க!" என்றான் கேலிக்காரன்.

அதற்கும் இவள் சிரித்தாள். கூட்டத்தோடு சிரிக்கும்போது தனிமை கொஞ்சம் மறந்துபோகிறது. யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதும் கூடவே மறந்துபோவதுதான் கொடுமை.

இன்றைய சிரிப்பு அடங்கியது. "ஒரு நிமிஷம் சார், தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்." அக்கா வெளியே போனார்.

கேலிக்காரன் எழுந்தான். "சார், இவங்களால பாடம் நகரவே மாட்டேங்குது. அடுத்து ஆரம்பிக்கிற புது வகுப்புல சேத்துடுங்க. அவங்களுக்கும் நிதானமாப் புரியும்."

"அப்படி மாத்தினா இந்தத் தடவை தேர்வு எழுத முடியாதேப்பா. நேர்காணலும் போயிடும்."

"ஒருத்தருக்காக எல்லாரும் கெடணுமா சார்?"

பயிற்சியாளர் தாடையைத் தடவினார். "சரி, மாத்தலாம்னு நெனைக்கிறவங்க கையைத் தூக்குங்க."

கைகள் உயர்ந்தன. கேலிக்காரன் பின்னால் திரும்பினான். "பக்கத்துலயே இருந்து கஷ்டப்படுறவங்க நீங்கதானே மேடம். நீங்க என்ன சொல்றீங்க?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். உயராமல் இருப்பது தன் கை மட்டும்தான் என்பதை அவளும் பார்த்தாள்.

மடியை விட்டு அந்தக் கை எழுந்தது.

புடவைத் தலைப்பில் வாயைத் துடைத்தபடி வந்த அக்காவிடம் பயிற்சியாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அக்கா ஒருமுறை வகுப்பைப் பார்த்தார்.

"சரிங்க சார்."

அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டார். பக்கத்தில் தலைகுனிந்திருந்தவளின் தோளைத் தொட்டார்.

"வரேன்மா. புரியலன்னா தைரியமாக் கேளுங்க. பல் ஆஸ்பத்திரில எத்தனை பேரைப் பாத்திருக்கேன்! வாயைத் திறக்கற வரைக்கும்தான் பயம்."

செருப்புச் சத்தம் படியிறங்கிப் போயிற்று.

அக்காவின் கணினியை அணைக்க வந்த பயிற்சியாளர், திரையைப் பார்த்து நின்றுவிட்டார். கேள்விக்குறியைத் தட்டினார்.

'இது எழுத்தே இல்லை' என்றது திரை.

பெரிய எழுத்தைத் தட்டினார். அதற்கும் சரியான விடை.

"என்னய்யா இது! உயிரெழுத்து இல்லன்னா மெய்யெழுத்துன்னு தள்ளிவிடாம, முதல்ல இது எழுத்துதானான்னு கேட்டிருக்காங்க. நான் நாளைக்குச் சொல்லித்தர இருந்ததை இன்னிக்கே எழுதி வச்சிருக்காங்களே!"

"அப்புறம் எதுக்கு சார் சந்தேகம் கேட்டாங்க?" என்றான் கேலிக்காரன். "பொழுது போகலையோ?"

யாரும் சிரிக்கவில்லை.

கடைசி வரிசையில், முதல் நாளுக்குப் பின் எந்தச் சந்தேகத்துக்கும் உயராத அந்தக் கை அன்று இரண்டாம் முறையாக உயர்ந்தது.

"சார்... இத்தனை நாளா அவங்க கேட்டதெல்லாம் என்னோட சந்தேகம்."